ஒரே முனை, ஐந்து அடாப்டர்: சின்னப் பெட்டிக்கு எந்த டிசி ஜாக்?

அக்கா வீட்டு டிவி ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு துணிக்கடைப் பை இருக்கிறது. அது நிறைய பழைய அடாப்டர்கள். போன முறை போயிருந்தபோது தரையில் கொட்டிப் பார்த்தேன். ரவுட்டரோடு வந்த 12 வோல்ட், பழைய மோடத்தின் 9 வோல்ட், செட்டாப் பாக்ஸின் 12 வோல்ட், உடைந்துபோன ஸ்பீக்கரின் 5 வோல்ட், பூஜை அறை எல்இடி பட்டைக்கு வாங்கிய 24 வோல்ட். ஐந்துக்கும் ஒரே முனைதான்: வெளி விட்டம் 5.5 மி.மீ., உள் ஓட்டை 2.1 மி.மீ. கண்ணை மூடிக்கொண்டு எதை எடுத்து எதில் சொருகினாலும் உள்ளே போகும்.

இந்தப் பையால்தான் நான் செய்த முதல் தொட்டிக் கருவி செத்தது. மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கைபேசியில் காட்டி, நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் சின்னப் பெட்டி அது. உள்ளே வைஃபையோடு வரும் ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டு, ஒலியை அனுப்பித் தண்ணீர் மட்டத்தை அளக்கும் ஓர் அல்ட்ராசானிக் சென்சார், மோட்டாரை நிறுத்த ஒரு ரிலே. எல்லாம் 5 வோல்ட் சமாசாரம். அதனால் ஒரு 5 வோல்ட் அடாப்டர் வாங்கினேன். எல்லாரும் வைப்பதுபோல 5.5×2.1 ஜாக் வைத்தேன். நான்கு மாதம் நன்றாக ஓடியது. பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அடாப்டரைக் கழற்றியிருக்கிறார்கள். திரும்ப மாட்டும்போது அத்தான் அந்தப் பையிலிருந்து செட்டாப் பாக்ஸ் அடாப்டரை எடுத்துச் சொருகிவிட்டார். சென்சார் அப்போதே போயிற்று. போர்டில் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர் கை வைக்க முடியாதபடி கொதித்து, சற்று நேரத்தில் அதுவும் போயிற்று.

“முனை சரியாத்தானே உள்ள போச்சு மச்சான்?” என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. பொருந்துகிற ஓட்டையை வைத்தவன் நான்.

கனெக்டர் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை ஆம்பியர் தாங்கும், என்ன விலை, போர்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்றுதான் எல்லாரும் பார்ப்போம். இரண்டாவது கருவியைச் செய்ய உட்கார்ந்தபோது நான் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கினேன். அந்த வீட்டில் இருக்கும் பொருள்களில் தவறாக எது இந்த ஓட்டைக்குள் போகும்? போனால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியைப் போட்டவுடனேயே பாதிக் கனெக்டர்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டன.

முதலில் குற்றவாளியான பேரல் ஜாக்கையே எடுத்துக்கொள்வோம். கடைக்காரர்கள் டிசி பின் என்றும் சொல்வார்கள். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் கைநிறைய அள்ளிக் கொடுப்பார்கள். வட்டமானது என்பதால் இருட்டில்கூடத் திசை பார்க்காமல் சொருகலாம். கால்கள் தடிமனானவை, புதிதாகச் சோல்டரிங் பழகுகிறவர்கூடப் பற்றவைத்துவிடலாம். மூன்றாவதாக ஒரு கால் இருக்குமே, பலர் அதைச் சும்மா விட்டுவிடுவார்கள். அது உண்மையில் ஒரு ஸ்விட்ச். பிளக் உள்ளே போனதும் அந்தத் தொடர்பு விலகும். பேட்டரியிலும் அடாப்டரிலும் ஓடும் கருவி என்றால், அடாப்டரைச் சொருகியதும் பேட்டரி தானாகக் கழன்றுகொள்ள அந்த ஒரு கால் போதும். இத்தனை வசதி இத்தனை மலிவாக வேறெதிலும் கிடைக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ‘5.5 ஜாக்’ என்று மட்டும் கேட்டு வாங்கினால் வேறு ஒரு வம்பு வரும். அதே வெளி விட்டத்தில் நடுப்பின் 2.1 மி.மீ. உள்ளதும் உண்டு, 2.5 மி.மீ. உள்ளதும் உண்டு. 2.1 ஓட்டையுள்ள பிளக் 2.5 பின்னில் ஏறவே ஏறாது. அது பரவாயில்லை, பார்த்தாலே தெரிந்துவிடும். 2.5 ஓட்டையுள்ள பிளக் 2.1 பின்னில் ஜோராக ஏறும், ஆனால் தொளதொளவென்று இருக்கும். லூஸ் கான்டாக்ட். வயரைத் தொட்டால் கருவி ரீசெட் ஆகும், விட்டால் ஓடும். வைஃபை தகராறு என்று நினைத்து இரண்டு நாள் புரோகிராமைத் தோண்டிக்கொண்டிருப்பீர்கள். நான் தோண்டியிருக்கிறேன்.

அடுத்து துருவம். இன்று வரும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ், வெளி உருளையில் நெகட்டிவ். இதில் நியாயமும் இருக்கிறது: பிளக் கழன்று இரும்பில் பட்டாலும் வெளியே தெரிவது நெகட்டிவ்தான். ஆர்டுயினோ ஊனோ போர்டிலும் இப்படியே. ஆனால் கிடார் வாசிப்பவர்களின் எஃபெக்ட் பெடல்கள் 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ். காரணம் மேலே சொன்ன மூன்றாவது காலில் இருக்கிறது. ஸ்விட்ச் தொடர்பு இருப்பது வெளி உருளைப் பக்கம். பெடலில் பேட்டரியின் நெகட்டிவை, கிடார் கேபிள் சொருகும் ஜாக்கே இணைக்கிறது, துண்டிக்கிறது. ஆகவே பேட்டரியின் பாசிட்டிவைத் துண்டிக்கும் வேலை டிசி ஜாக்குக்கு வந்தது. அதற்காகப் பாசிட்டிவ் வெளியே போயிற்று. பேட்டரிக் காலத்து ஏற்பாடு, பேட்டரியே இல்லாத பெடல்களிலும் அப்படியே நிற்கிறது. தம்பி கிடார் பழகும் வீட்டுக்குப் பேரல் ஜாக் வைத்த கருவி செய்து கொடுக்கிறீர்கள் என்றால், தலைகீழ் துருவத்துக்குப் பாதுகாப்பு வைக்காமல் கொடுக்காதீர்கள்.

இந்தக் குழப்பத்துக்கு ஜப்பான்காரர்கள் அழகான விடை ஒன்று வைத்திருந்தார்கள். ஆர்சி-5320ஏ என்ற அவர்களுடைய தரநிலையில் வோல்டேஜ் வரம்புக்கு ஏற்ப பிளக்கின் அளவே மாறும். 3.15 வோல்ட் வரை 2.35 மி.மீ. விட்டம், அதற்கு மேல் 6.3 வரை 4.0 மி.மீ.; 10.5 வரை 4.75, 13.5 வரை 5.5, அதுவும் உள்ளே 1 மி.மீ. பின்னோடு, 18 வரை 6.5. பெரிய வோல்டேஜ் பிளக் சின்ன வோல்டேஜ் கருவிக்குள் நுழையவே முடியாது. எல்லாவற்றிலும் நடுவில் பாசிட்டிவ். அத்தான் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போகாது. மற்ற நாடுகள் இதைப் பின்பற்றியிருந்தால் அக்கா வீட்டுப் பை ஒரு பிரச்சினையே இல்லை. நடந்தது என்னவென்றால், சுலபமாகக் கிடைத்த 5.5×2.1 தலையில் 5 வோல்ட் முதல் 24 வரை எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார்கள். 4.0×1.7 ஜாக் இன்றும் தேடினால் கிடைக்கும். சோனியின் பிஎஸ்பி விளையாட்டுக் கருவிக்கு 5 வோல்ட் போனது அதன் வழியாகத்தான். பேரல் ஜாக்தான் வேண்டும், கருவியோ 5 வோல்ட் என்றால், நான் இதைத்தான் வைப்பேன். ஆனால் அடாப்டர் கெட்டுப்போனால் தெருமுனைக் கடையில் மாற்று கிடைக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, டைப் சி. நம் கேள்விக்கு இதைவிட நல்ல விடை இப்போது இல்லை. முறையாகச் செய்த சார்ஜர் எதுவானாலும் முதலில் கொடுப்பது 5 வோல்ட்தான். எதிரில் உள்ள கருவி கேட்டால்தான் 9, 15, 20 என்று ஏறும். 100 வாட் லேப்டாப் சார்ஜரை எடுத்து என் தொட்டிக் கருவியில் சொருகினாலும் 5 வோல்ட்தான் வரும். வீட்டில் எந்தச் சார்ஜரைத் தவறாக எடுத்தாலும் அது சரியான சார்ஜராகிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கைபேசி, டேப்லெட், கேமரா போன்றவற்றுக்கு இதைக் கட்டாயமாக்கியதால், இனி எந்த வீட்டிலும் டைப் சி சார்ஜருக்குப் பஞ்சம் இருக்காது.

ஆனால் இதில் புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. டைப் சி சாக்கெட்டில் சிசி1, சிசி2 என்று இரண்டு பின்கள். ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் ‘எதிரே மின்சாரம் வாங்கும் கருவி ஒன்று இருக்கிறது’ என்று சார்ஜர் தெரிந்துகொள்ளும். ரெசிஸ்டர் இல்லையென்றால் டைப் சி சார்ஜர் மின்சாரமே விடாது. பழைய யூஎஸ்பி ஏ முனை கொண்ட சார்ஜரும் கேபிளும் போட்டால் மட்டும் ஓடும், ஏனென்றால் அங்கே 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கிறது. கடையில் வாங்கும் சின்ன விளக்கு, டிரிம்மர் சில, பெட்டியில் வந்த கேபிளில் மட்டும் சார்ஜ் ஆகி, புதிய கைபேசிச் சார்ஜரில் அடம்பிடிப்பது இதனால்தான். ஒரு ரூபாய்கூட ஆகாத இரண்டு ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள்.

இரண்டு பின்னுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டால் போதாதா என்று தோன்றும். 2019 ஜூனில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 4 போர்டில் அப்படித்தான் செய்திருந்தார்கள். சாதாரண கேபிளில் ஓடியது. உள்ளே அடையாளச் சில்லு வைத்த கேபிளைப் போட்டால், சார்ஜர் அந்தப் போர்டை ஏதோ ஹெட்போன் அடாப்டர் என்று நினைத்து மின்சாரம் தர மறுத்தது. பிறகு வந்த போர்டுகளில் திருத்தினார்கள். உலகமே பார்க்கும் ஒரு போர்டிலேயே இந்தத் தவறு நடந்தது என்றால் நம்மைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே இரண்டு பின், இரண்டு ரெசிஸ்டர்.

கையால் பற்றவைப்பவர்களுக்கு இன்னொரு கஷ்டம்: முழு டைப் சி சாக்கெட்டில் 24 பின்கள், அரை மி.மீ. இடைவெளி. டேட்டா தேவையில்லை என்றால் மின்சாரத்துக்கு மட்டும் என்று 6 பின்னில் வருகிறது, அதை வாங்குங்கள். எதை வாங்கினாலும் உலோகக் கூட்டின் கால்கள் போர்டைத் துளைத்து மறுபக்கம் வரும் வகையாக இருக்கட்டும். மேலே மட்டும் ஒட்டி நிற்கும் வகை, ஒரு நாள் கேபிளை யாராவது கால் தடுக்கி இழுத்தால், செம்புத் தடத்தையும் உரித்துக்கொண்டு வந்துவிடும்.

12 வோல்ட் வேண்டும், அதையும் டைப் சி வழியாக எடுக்கலாம் என்று, சார்ஜரிடம் வோல்டேஜைக் கேட்டு வாங்கும் ட்ரிகர் போர்டு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்படிக் கேட்டு வாங்கும் முறைக்குப் பெயர் பவர் டெலிவரி; அதன் வழக்கமான படிகள் 5, 9, 15, 20. அதில் 12 கட்டாயம் இல்லை. சில சார்ஜர் தரும், சில தராது. உங்கள் மேசையில் ஓடியது, கொடுத்த வீட்டில் ஓடாது. 15 கேட்டு வாங்கி, உள்ளே வோல்டேஜைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டரில் 12 ஆக்கிக்கொள்வதுதான் நிம்மதி. அப்புறம் பேரல் பிளக்கை டைப் சி முனையாக மாற்றும் சின்ன இணைப்பான்கள் விற்கிறார்களே, அவற்றை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். கேட்காமலேயே 12 வோல்ட்டை டைப் சி ஓட்டைக்குள் தள்ளிவிடும். இவ்வளவு நேரம் சொன்ன பாதுகாப்பு அத்தனையும் அங்கே காலி.

இரண்டாவது கருவியை இரண்டு பெட்டியாகப் பிரித்திருந்தேன். கீழே, மோட்டார் ஸ்விட்ச் பக்கத்தில் இருக்கும் ரிலே பெட்டிக்கு டைப் சி என்று இவ்வளவில் முடிவாகிவிட்டது. மாடியில் இருக்கும் சென்சார் பெட்டி வேறு கதை, ஏனென்றால் அங்கே பிளக் பாயின்ட் கிடையாது. படிக்கட்டு முகப்பில் சிசிடிவிக்காக வைத்த 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை இருக்கிறது. அங்கிருந்து தொட்டிக்கு 15 மீட்டர். மீந்துபோன நெட்வொர்க் கேபிள் கையில் இருந்தது. அதன் ஒரு கம்பி மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம். போக 15, வர 15, ஆக 30 மீட்டருக்கு இரண்டரை ஓம். ஈஎஸ்பி32 வைஃபையில் பேசும் நேரத்தில் மொத்தக் கருவியும் அரை ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 5 வோல்ட்டில் அனுப்பும்போது வழியிலேயே 1.26 வோல்ட் தொலைந்துபோகும். மிஞ்சும் 3.7 வோல்ட்டில் போர்டிலுள்ள ரெகுலேட்டரால் 3.3 வோல்ட் தர முடியாது. ஒவ்வொரு முறை வைஃபை விழிக்கும்போதும் போர்டு மயங்கி விழும். அதே வேலைக்கு 12 வோல்ட் அனுப்பினால் கால் ஆம்பியர் போதும், இழப்பு 0.63 வோல்ட், அங்கே பக் கன்வெர்ட்டர் அதைப் பொருட்படுத்தாது. எந்தக் கனெக்டர் என்பதைக் கம்பியின் நீளமே பாதி தீர்மானித்துவிடுகிறது. மூன்று மீட்டருக்கு மேல் போனால் 5 வோல்ட்டை மறந்துவிடுவது என் வழக்கம்.

மாடிக்கு முதலில் ஜிஎக்ஸ்12 வைக்கலாம் என்றுதான் நினைத்தேன். உலோகத்தில் உருண்டையாக, மரையோடு வரும். ஏவியேஷன் கனெக்டர் என்று விற்பார்கள். திருகிவிட்டால் இழுத்தாலும் வராது, தப்பான திசையில் நுழையாது, கையில் பிடித்தாலே ஒரு கம்பீரம். மின்சாரம் வரும் பக்கம் ஓட்டையாகவும், வாங்கும் பக்கம் பின்னாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கழற்றி வைத்த கேபிளின் நுனியில் உயிருள்ள பின்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் பார்க்க அப்படி இருந்தாலும் அது தண்ணீர் புகாதது அல்ல. மழையும் உப்புக்காற்றும் படும் மாடியில் நேர்மின்சாரம் ஓடும் தொடர்பில் ஈரம் சேர்ந்தால், பாசிட்டிவ் பக்க உலோகம் பச்சைப் பொடியாக அரித்துப் போகும். ரப்பர் வளையத்தோடு வரும் எஸ்பி13 வகை தாங்கும், விலைதான் கொஞ்சம் கூட. போதாததற்கு எறும்பு. சின்ன ஓட்டை எங்கே தெரிந்தாலும் குடும்பத்தோடு வந்துவிடும்.

கடைசியில் மாடிப் பெட்டிக்கு வெளியே கனெக்டரே வைக்கவில்லை. கேபிளை இறுக்கிப் பிடித்து ஓட்டையை அடைக்கும் பிஜி7 கேபிள் கிளாண்டு ஒன்று, அதன் வழியாகக் கேபிள் நேராக உள்ளே, அங்கே பச்சை நிறத்தில் வருமே, 5.08 மி.மீ. இடைவெளியுள்ள கழற்றி மாட்டும் ஸ்க்ரூ டெர்மினல். நான் முதலில் போட்ட கேள்விக்கு இதுதான் மிக எளிய விடை: ஓட்டையே இல்லாதபோது தவறான அடாப்டர் எங்கே நுழையும்? இன்னொரு லாபமும் உண்டு. நான் ஊரில் இல்லாதபோது கருவி கெட்டால் வரப்போவது தெரு எலெக்ட்ரீஷியன். அவர் கையில் டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவரும் இருக்கும், சோல்டரிங் அயர்ன் இருக்காது. ஒன்று மட்டும்: கம்பி நுனியில் ஈயம் பூசித் திருகாதீர்கள். திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல வழிந்து கொடுக்கும், சில மாதத்தில் திருகு தளர்ந்துவிடும். கம்பி நுனியில் நசுக்கி மாட்டும் லக் போட்டுத் திருகுங்கள், இல்லையென்றால் வெறும் கம்பியாகவே திருகுங்கள்.

எலெக்ட்ரீஷியன் சிவப்பையும் கருப்பையும் மாற்றித் திருகினால்? டெர்மினலுக்குப் பின்னால் ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் 1என்5819 டையோடு ஒன்று வைத்திருக்கிறேன். அரை வோல்ட்டுக்குள் தின்னும். 12 வோல்ட்டில் அது பொருட்டல்ல. 5 வோல்ட் கருவியில் அந்த அரை வோல்ட் வலிக்கும், அங்கே அவ்வளவு தின்னாத மின்னணு ஸ்விட்சான பி-சேனல் மாஸ்ஃபெட் வைப்பது மேல். பக் கன்வெர்ட்டருக்கு எல்எம்2596 மாட்யூல். அந்த ஐசி 40 வோல்ட் வரை தாங்கும், பூஜை அறையின் 24 வோல்ட் வந்தால்கூட அசராது. மாட்யூலில் உள்ள கெப்பாசிட்டரின் மேல் என்ன வோல்டேஜ் அச்சிட்டிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செராமிக் கெப்பாசிட்டர் மட்டும் வைத்த சின்ன மாட்யூலானால் இன்னொரு ஆபத்து. நீள வயரோடு, மின்சாரம் ஓடும்போதே சொருகினால், வயரின் இண்டக்டன்சும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஊஞ்சலாடும். ஒரு கணம் 12 வோல்ட் கிட்டத்தட்ட 24 வரை எகிறும். 28 வோல்ட்தான் தாங்கும் எம்பி1584 போன்ற ஐசிக்கு 24 வோல்ட் அடாப்டரைச் சொருகினால் அந்தக் கணமே முடிந்தது. உள்வாயிலில் 100 மைக்ரோஃபாரட் சாதா எலெக்ட்ரோலிட்டிக் ஒன்று இணையாகப் போட்டால் ஆட்டம் அடங்கும். அடாப்டர் சரி, துருவம் சரி, இருந்தும் சொருகிய உடனே செத்தது என்று புலம்பும் பலருக்கு நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்கும்.

மற்றவை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மைக்ரோ யூஎஸ்பியைப் புதிதாகச் செய்யும் எதிலும் வைக்காதீர்கள். கேபிளே வீட்டில் குறைந்துகொண்டு வருகிறது. ஜேஎஸ்டி பிஎச், எக்ஸ்எச் என்ற சின்னப் பிளாஸ்டிக் கனெக்டர்கள் எல்லாம் பெட்டிக்கு உள்ளே பேட்டரி மாட்ட நல்லவை, தினமும் கழற்றி மாட்ட அல்ல. அதிலும் பேட்டரி வாங்கும் இடத்தைப் பொறுத்துச் சிவப்பும் கருப்பும் இடம் மாறியிருக்கும், மல்டிமீட்டர் வைக்காமல் சொருகாதீர்கள். நிறைய ஆம்பியர் தாங்கும் எக்ஸ்டி60 டிரோன்காரர்களுக்கு, அரை ஆம்பியருக்கு அது யானைச் சங்கிலி.

பெட்டிகள் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அத்தான் இப்போது எந்தச் சார்ஜரைச் சொருகினாலும் ஒன்றும் ஆவதில்லை. புதிதாக வேறொன்று ஆகிறது. வாரத்தில் இரண்டு நாள் கீழ்ப்பெட்டி ராத்திரி பத்து மணிக்கு இணைப்பில் இருந்து காணாமல் போய், காலை ஏழு மணிக்குத்தான் திரும்ப வருகிறது. அக்காவிடம் கேட்டதற்குச் சிரித்தாள். பையன் தன் போனுக்கு அந்தச் சார்ஜரை உருவிக்கொண்டு போய்விடுகிறானாம்.